வெளிநாட்டு ஆசிரியர் பணியிலிருந்து விலகும்போது இறுதி ஊதியம், பணிக்கொடை பெறுவது எப்படி? – முழு விவரம்

அத்திபெலே: கர்நாடகத்தின் பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தில் உள்ள அத்திபெலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். தேசிய நெடுஞ்சாலை 44-இல் சோதனைச் சாவடியைக் கடந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் வந்துவிடும். ஓசூரில் குடியிருந்து அத்திபெலே பள்ளியில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர், காலையும் மாலையும் மாநில எல்லையைக் கடந்தாலும், அவருடைய பணிக்கொடை உரிமையைக் காப்பது ஒரே இந்தியச் சட்டம்தான்.

அதே ஆசிரியர் துபாய்க்கோ ரியாத்துக்கோ வேலைக்குச் சென்றால் நிலைமை மாறுகிறது. பணிக்கொடையைக் கணக்கிடும் முறை, பணம் தரவேண்டிய கெடு, முறையிடும் அலுவலகம் ஆகிய அனைத்தும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. பணியிலிருந்து விலகி ஊர் திரும்பிய பிறகு நிலுவைத் தொகையைக் கேட்டுப் பெறுவது, அங்கே இருக்கும்போது பெறுவதைவிடப் பன்மடங்கு கடினம். விலகும் தேதி, விலகுவதற்கான காரணம், கடைசி வாரத்தில் இடும் கையெழுத்து ஆகிய மூன்றுமே கைக்கு வரும் தொகையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எனவே விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

இறுதிக் கணக்கில் என்னென்ன அடங்கும்?

இறுதிக் கணக்குத் தீர்வு என்பது கடைசி மாத ஊதியம் மட்டுமன்று. பொதுவாக அதில் ஆறு இனங்கள் இடம்பெறும். முதலாவது, கடைசி வேலைநாள் வரையிலான ஊதியமும் முந்தைய நிலுவையும். இரண்டாவது, பயன்படுத்தாத ஆண்டு விடுப்புக்கான ஊதியம். மூன்றாவது, பணிக்காலத்துக்கான பணிக்கொடை. நான்காவது, அறிவிப்புக் காலம் தராமல் நிர்வாகமே பணியை முடித்திருந்தால் அதற்கான ஈட்டுத்தொகை. ஐந்தாவது, ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட விமானக் கட்டணம். ஆறாவது, கூடுதல் வகுப்பு, தேர்வுப் பணி போன்றவற்றுக்காக எழுத்துவடிவில் ஒப்புக்கொள்ளப்பட்ட தொகைகள்.

இந்த ஆறும் தனித்தனி வரிகளாகப் பிரித்துக் காட்டப்பட்ட கணக்குத் தாளைப் பெறுவது அவசியம். மொத்தத் தொகை மட்டும் குறிப்பிடப்பட்ட தாளில் எந்த இனம் விடுபட்டது என்பதைப் பின்னர் கண்டறிய இயலாது.

ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாடம் நடத்தும் கடைசி நாளும் ஒப்பந்தம் முடியும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் வகுப்புகள் ஜூன் இறுதியில் முடிந்தாலும், ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை நீடிக்கலாம். அப்படியிருந்தால் கோடை விடுமுறை ஊதியமும், அந்த இரண்டு மாதங்களுக்கான பணிக்கொடை விகிதமும் ஆசிரியருக்குச் சேர வேண்டியவை. விலகல் கடிதத்தில் கடைசி நாளாக ஜூன் மாதத் தேதியை எழுதிவிட்டால் அந்த உரிமையை ஆசிரியரே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே கடிதத்தில் தேதியை எழுதும் முன் ஒப்பந்தத்தின் முடிவு நாளையும் விடுமுறை ஊதியம் குறித்த பிரிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம்: அடிப்படை ஊதியமே அளவுகோல்

அமீரகத்தில் தனியார் துறைப் பணியாளர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் பொருந்துகிறது. 2022 பிப்ரவரி 2 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஓராண்டு தொடர் பணியை முடித்த வெளிநாட்டுப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் ஊதியமும் வழங்கப்படும். மொத்தத் தொகை 2 ஆண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டைக் கடந்த பிறகு, எஞ்சிய மாதங்களுக்கும் விகிதப்படி தொகை உண்டு. ஊதியமில்லா விடுப்பில் இருந்த நாள்கள் கணக்கில் சேராது.

இங்கு ஊதியம் என்பது கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியம் மட்டுமே. வீட்டு வாடகைப்படி, பயணப்படி ஆகியவை சேராது. பலருடைய எதிர்பார்ப்பு பொய்த்துப்போவது இந்த இடத்தில்தான்.

எடுத்துக்காட்டாக, மாதம் 9,000 திர்ஹாம் பெறும் ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 5,000 திர்ஹாம் என்றும், அவர் 7 ஆண்டுகள் பணியாற்றினார் என்றும் கொள்வோம். முதல் 5 ஆண்டுகளுக்கு 105 நாள், அடுத்த 2 ஆண்டுகளுக்கு 60 நாள், ஆக 165 நாள். 5,000 திர்ஹாமை 30-ஆல் வகுத்து 165-ஆல் பெருக்கினால் கிடைப்பது 27,500 திர்ஹாம். மொத்த ஊதியமான 9,000 திர்ஹாமை வைத்துக் கணக்கிட்டவர் 49,500 திர்ஹாமை எதிர்பார்த்திருப்பார். இடையில் உள்ள 22,000 திர்ஹாம், பணியில் சேர்ந்த நாளில் ஒப்பந்தத்தில் அடிப்படை ஊதியம் எவ்வளவு என எழுதப்பட்டது என்பதன் விளைவு. புதிதாக வேலைக்குச் செல்வோரும் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

பழைய சட்டத்தில் இருந்ததுபோல், தாமாக விலகுவோரின் பணிக்கொடையைக் குறைக்கும் ஏற்பாடு இப்போதைய சட்டத்தில் இல்லை. ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் ஊதியமும் பிற உரிமைத் தொகைகளும் வழங்கப்பட வேண்டும். அறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தைப் பொறுத்து 30 முதல் 90 நாள்கள் வரை. பணி அனுபவச் சான்றிதழைக் கட்டணமின்றித் தருவது நிர்வாகத்தின் கடமை.

சவூதி அரேபியா: எப்படி விலகினார் என்பதே முக்கியம்

சவூதி தொழிலாளர் சட்டத்தின் 84-ஆவது பிரிவுப்படி, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாத ஊதியமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு ஒரு மாத ஊதியமும் பணிக்கொடையாகும். அமீரகத்தைப் போலன்றி, இங்கு அடிப்படை ஊதியத்துடன் வழக்கமான படிகளும் சேர்ந்த கடைசி ஊதியமே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

ஆனால் ஒப்பந்தக் காலத்தின் இடையில் தாமாகப் பதவி விலகினால் 85-ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. 2 ஆண்டுகளுக்குக் குறைவான பணிக்குப் பணிக்கொடை இல்லை. 2 முதல் 5 ஆண்டுகள் வரை மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கிடைக்கும். 5 ஆண்டுகளுக்கு மேல், 10 ஆண்டுகளுக்குள் என்றால் மூன்றில் இரு பங்கு. 10 ஆண்டுகளை எட்டியவருக்கே முழுத் தொகை.

மாதம் 6,000 ரியால் ஊதியத்தில் 7 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு முழுப் பணிக்கொடை 27,000 ரியால். முதல் 5 ஆண்டுகளுக்கு 15,000 ரியாலும், அடுத்த 2 ஆண்டுகளுக்கு 12,000 ரியாலும் சேர்ந்த தொகை இது. அவர் இடையில் விலகல் கடிதம் கொடுத்தால் கிடைப்பது 18,000 ரியால். ஒப்பந்தக் காலம் முடியும்வரை பணியாற்றி, அதைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று உரிய காலத்தில் எழுத்து மூலம் அறிவித்தால், அது பதவி விலகல் ஆகாது. முழுத் தொகைக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டுப் பணியாளர்களின் ஒப்பந்தங்கள் காலவரையறை கொண்டவையாகவே இருக்க வேண்டும் என்பது சவூதி சட்டம். எனவே சில மாதப் பொறுமை 9,000 ரியாலைக் காப்பாற்றித் தரும்.

பெண் ஆசிரியர்களுக்கு 87-ஆவது பிரிவு ஒரு சிறப்புப் பாதுகாப்பை அளிக்கிறது. திருமணமான 6 மாதங்களுக்குள்ளோ, குழந்தை பிறந்த 3 மாதங்களுக்குள்ளோ பணியை முடித்துக்கொள்ளும் பெண்ணுக்கு முழுப் பணிக்கொடை உண்டு. இந்தக் காரணத்தால் விலகுவோர் அதைக் கடிதத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். "சொந்தக் காரணம்" என்று பொதுவாக எழுதிவிட்டால், பின்னர் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி வாதாடுவது கடினமாகும்.

நிர்வாகம் பணியை முடித்தால் ஒரு வாரத்துக்குள்ளும், பணியாளர் முடித்தால் இரண்டு வாரங்களுக்குள்ளும் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும் என்கிறது 88-ஆவது பிரிவு.

பிற வளைகுடா நாடுகளில்...

குவைத்தில் 2010-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டப்படி, மாத ஊதியம் பெறுவோருக்கு முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியமும், பின்னர் ஆண்டொன்றுக்கு ஒரு மாத ஊதியமும் உண்டு. உச்சவரம்பு ஒன்றரை ஆண்டு ஊதியம். காலவரையறையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவர் தாமாக விலகினால் 3 முதல் 5 ஆண்டுகள் வரையிலான பணிக்குப் பாதியும், 5 முதல் 10 ஆண்டுகள் வரை மூன்றில் இரு பங்கும், அதற்கு மேல் முழுமையும் கிடைக்கும்.

கத்தாரில் 2004-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம், ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படை ஊதியத்தை உறுதிசெய்கிறது. ஓமனில் 2023-இல் வந்த புதிய தொழிலாளர் சட்டம் ஆண்டொன்றுக்கு ஒரு மாத அடிப்படை ஊதியம் என நிர்ணயித்துள்ளது.

பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் நடைமுறை வேறு. நிர்வாகங்கள் பணிக்கொடைக்கான பங்களிப்பை மாதந்தோறும் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பில் செலுத்துகின்றன. முதல் 3 ஆண்டுகளுக்கு ஊதியத்தில் 4.2 சதவீதமும், பின்னர் 8.4 சதவீதமும் செலுத்தப்படுகிறது. அந்தத் தேதிக்குப் பிந்தைய பணிக்காலத்துக்கான தொகையை ஆசிரியர் அந்த அமைப்பிடமிருந்தும், முந்தைய காலத்துக்கு உரியதைப் பள்ளியிடமிருந்தும் பெற வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்துவிட்டு விமானம் ஏறிவிடக் கூடாது.

சிங்கப்பூர்: ஊதியம் நிறுத்திவைக்கப்படுவது ஏன்?

சிங்கப்பூரில் பணியாற்றும் வெளிநாட்டவர் விலகும்போது, அவருக்குத் தரவேண்டிய தொகைகளை நிர்வாகம் நிறுத்திவைப்பது உண்டு. இது பெரும்பாலும் மோசடி அன்று. சட்டம் விதிக்கும் கடமை. விலகுபவரின் வருமான வரிக் கணக்கைத் தீர்ப்பதற்கான படிவத்தைப் பணி முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் நிர்வாகம் தாக்கல் செய்ய வேண்டும். வரி கழிக்கப்பட்ட பின்னரே எஞ்சிய தொகை விடுவிக்கப்படும். இதை அறிந்தவர்கள், கடைசி மாதச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் தனியே பணம் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். வளைகுடா நாடுகளைப் போன்ற சட்டபூர்வப் பணிக்கொடை சிங்கப்பூரில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

விடுமுறைக்கு வந்து திரும்பாமல் இருக்கலாமா?

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து, இங்கிருந்தே மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பிவிடலாம் என்று நினைப்போர் உண்டு. இது பெரும் இழப்பை உண்டாக்கக்கூடிய முடிவு.

சவூதி சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி, தக்க காரணமின்றித் தொடர்ந்து 15 நாள்களுக்கு மேலோ, ஒப்பந்த ஆண்டில் மொத்தம் 30 நாள்களுக்கு மேலோ பணிக்கு வராதவரை, எழுத்து மூலம் எச்சரித்த பின் பணிக்கொடை இன்றியே நீக்க முடியும். அமீரகத்தில் தொடர்ந்து 7 நாள்களுக்கு மேலோ, ஆண்டில் மொத்தம் 20 நாள்களுக்கு மேலோ காரணமின்றி வராதவரை முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கச் சட்டம் இடமளிக்கிறது. பணிக்கு வராதவர் என்ற பதிவு, மீண்டும் அதே நாட்டில் வேலை தேடும்போதும் இடையூறாகும்.

சவூதியிலிருந்து நிரந்தரமாகத் திரும்புவோர் இறுதி வெளியேற்ற விசாவில் வெளியேற வேண்டும். மீண்டும் வருவதற்கான விசாவில் புறப்பட்டுத் திரும்பாமல் இருந்துவிடுவது முறையான விலகல் ஆகாது. குடும்பத்தில் அவசர நிலை ஏற்பட்டு ஊரிலேயே தங்க நேர்ந்தால், விடுப்பை நீட்டிக்கும் கோரிக்கையை உடனடியாக எழுத்து மூலம் அனுப்பி, அதற்கான பதிலையும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

பணி அனுமதியையும் விசாவையும் ரத்து செய்யும் கட்டத்தில், "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், நிர்வாகத்தின் மீது எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில் அமைந்த தாளில் கையெழுத்து கேட்கப்படுவது வழக்கம். பணம் வங்கிக் கணக்கில் சேர்வதற்கு முன் இதில் கையெழுத்திட்டால், பின்னர் எழும் வழக்கில் அதுவே நிர்வாகத்தின் முதல் சான்றாக நிற்கும்.

எனவே பணம் வந்த பிறகு கையெழுத்திடுவதே பாதுகாப்பானது. அது இயலாதபோது, காசோலை எண், தொகை, பணம் வரவேண்டிய தேதி ஆகியவற்றைத் தாளிலேயே எழுதச் செய்து, நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அரபு மொழியில் மட்டும் உள்ள தாளாக இருந்தால், மொழிபெயர்ப்பைக் கேட்டுப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். அங்குள்ள நீதிமன்றங்களில் அரபு வாசகமே செல்லும்.

வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடக் கூடாது. கடைசித் தொகை வந்து சேரும் வரை கணக்கும், அதனுடன் இணைந்த கைப்பேசி எண்ணும் இயங்க வேண்டும். கடனோ கடன் அட்டை நிலுவையோ இருந்தால், பணிக்கொடை கணக்கில் சேர்ந்த உடனே வங்கி அதைப் பிடித்து வைக்கும் வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே வங்கியிடம் பேசி, நிலுவையைத் தீர்த்ததற்கான சான்றைப் பெறுவது நல்லது.

கடவுச்சீட்டைப் பள்ளி நிர்வாகம் வைத்துக்கொள்வதற்கு அமீரகச் சட்டமும் சவூதிச் சட்டமும் இடமளிப்பதில்லை. "கடவுச்சீட்டு வேண்டுமானால் கையெழுத்திடு" என்ற நிபந்தனைக்கு உடன்பட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை.

பணி ஒப்பந்தம், ஒவ்வோர் ஆண்டின் ஊதிய உயர்வுக் கடிதம், ஊதியச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, விடுப்புப் பதிவு, விலகல் கடிதமும் அதை ஏற்ற பதிலும் ஆகியவற்றின் நகல்களைச் சொந்த மின்னஞ்சலில் சேமித்து வைக்க வேண்டும். பள்ளி வழங்கிய மின்னஞ்சல் முகவரி, விலகிய நாளிலேயே முடக்கப்படலாம். அமீரகத்தில் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை வழியாக வங்கிகள் மூலம் ஊதியம் வழங்கப்படுவதால், வங்கி அறிக்கை வலுவான சான்றாகும்.

பணம் வராவிட்டால் எங்கே முறையிடுவது?

முதல் படி, நிலுவைத் தொகைகளை இனவாரியாகக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புவது. கெடு கடந்தும் பதில் இல்லையெனில், அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தை அணுக வேண்டும்.

அமீரகத்தில் மனிதவள, குடிமயமாக்கல் அமைச்சகத்திடம் இணையவழியே புகார் அளிக்கலாம். 50,000 திர்ஹாம் வரையிலான கோரிக்கைகளில் அமைச்சகமே முடிவெடுத்து உத்தரவிடும் அதிகாரம் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு மேற்பட்டவை, சமரசம் ஏற்படாவிட்டால் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். 1 லட்சம் திர்ஹாம் வரையிலான வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. சவூதியில் மனிதவள அமைச்சகத்தின் சமரசப் பிரிவை முதலில் அணுகி, உடன்பாடு ஏற்படாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லலாம்.

இந்த உரிமைகளுக்குக் காலவரம்பு உண்டு. அமீரகத்தில் பணி முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்கு முன் இது ஓராண்டாக இருந்தது. சவூதியில் பணி முடிந்த 12 மாதங்களுக்குப் பிறகு வழக்கு ஏற்கப்படுவதில்லை. "அடுத்த மாதம் தருகிறோம்" என்ற வாய்மொழி உறுதியை நம்பி ஓராண்டைக் கடத்திவிட்டால், நியாயம் இருந்தும் வழக்கு இல்லாமல் போகும்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது நாடு திரும்ப வேண்டியிருந்தால், அங்குள்ள நம்பகமான ஒருவருக்கு அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். இந்தியா வந்தபின் அதை எழுதி, சான்றொப்பம் பெற்று, அந்நாட்டுத் தூதரக நடைமுறைகளை முடித்து அனுப்புவதற்குப் பணமும் காலமும் கூடுதலாகும்.

இந்தியத் தூதரகமும் துணைத் தூதரகமும் நிர்வாகத்துடன் பேசவும், சட்ட உதவிக்கு வழிகாட்டவும் செய்யும். 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து இக்கட்டில் உள்ளோருக்கு உதவி வழங்கப்படுகிறது. வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் ஊரிலிருந்தபடியே குறையைப் பதிவு செய்யலாம். ஓசூர் உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பகுதியினர் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையை நாடலாம். அத்திபெலே, ஆனேக்கல் பகுதியினர் கர்நாடக அரசின் வெளிநாடுவாழ் இந்தியர் மன்றத்தை அணுகலாம்.

வரி விதிக்கப்படுமா?

வெளிநாட்டில் பணியாற்றிப் பெற்ற ஊதியமும் பணிக்கொடையும் இந்தியாவில் வரிக்கு உட்படுமா என்பது, அந்த நிதியாண்டில் ஒருவருடைய வசிப்பிடத் தகுதியைப் பொறுத்தது. இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலையில் திரும்பும் ஆசிரியர், மார்ச் வரை 182 நாள்களுக்கு மேல் இந்தியாவில் இருப்பதால் அந்த ஆண்டில் உள்நாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார்.

எனினும், முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தவரோ, முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாள்களுக்கு மிகாமல் இந்தியாவில் தங்கியவரோ, "வழக்கமாக வசிப்பவர் அல்லாதவர்" என்ற இடைநிலைத் தகுதியைப் பெறுவார். இத்தகையோர் வெளிநாட்டில் ஈட்டி, வெளிநாட்டிலேயே பெற்ற ஊதியத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தத் தொகையை முதலில் அந்நாட்டு வங்கிக் கணக்கில் பெற்று, பின்னர் இந்தியாவுக்கு அனுப்புவதே குழப்பம் தராத வழி. நேரடியாக இந்தியக் கணக்கில் வரவு வைக்கச் சொன்னால், இந்தியாவில் பெற்ற வருமானமா என்ற கேள்வி எழக்கூடும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவோருக்கு இத்தகுதி கிடைக்காமல் போகலாம் என்பதால், திரும்பும் தேதியை முடிவு செய்யும் முன் வரி ஆலோசகரைக் கேட்பது நல்லது.

நிரந்தரமாகத் திரும்பியவர் தமது வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்கை உள்நாட்டவர் கணக்காக மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணியாகவே வைத்திருக்க விரும்புவோர், உள்நாட்டில் வசிப்போருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கைத் தொடங்கலாம். 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டுகளைக் கையில் கொண்டுவந்தால், விமான நிலையச் சுங்கத் துறையிடம் அறிவிக்க வேண்டும்.

புறப்படும் முன் இந்தியப் பள்ளியில் விட்டுச்சென்றது

வெளிநாட்டு வேலை கிடைத்த மகிழ்ச்சியில், இங்கு பணியாற்றிய பள்ளியிடம் கேட்க வேண்டிய பணிக்கொடையைப் பலர் விட்டுவிடுகின்றனர். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை.

1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 1997 ஏப்ரல் 3 அறிவிக்கை மூலம் கல்வி நிறுவனங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் அச்சட்டத்தில் உள்ள "பணியாளர்" என்ற சொல்லின் வரையறைக்குள் ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையடுத்து 2009-இல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும் என்று அறிவித்தது. தனியார் பள்ளிகள் தொடர்ந்த வழக்கில், 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது.

அச்சட்டப்படி, கடைசி மாத அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கினால் வருவதே பணிக்கொடை. மாதம் 26,000 ரூபாய் பெற்று 7 ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியருக்கு 1,05,000 ரூபாய் சேர வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். 30 நாள்களுக்குள் வழங்காவிட்டால் வட்டியும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. 5 ஆண்டு தகுதிக்காலம் பொதுவாகத் தொடர்ந்தாலும், குறிப்பிட்ட கால ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஓராண்டு பணியே போதும் என்பது அதன் முக்கிய மாற்றம்.

அத்திபெலே போன்ற எல்லை ஊர்களில் எந்த மாநில அலுவலகத்தை அணுகுவது என்ற ஐயம் எழுவதுண்டு. ஆசிரியர் எங்கு குடியிருக்கிறார் என்பதைவிட, பள்ளி எங்கு உள்ளது என்பதே இதில் கணக்கில் கொள்ளப்படும். ஓசூரில் வசித்தாலும், அத்திபெலே பள்ளியில் பணியாற்றியவர் கர்நாடகத் தொழிலாளர் துறை அதிகாரியிடமே மனு அளிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளைகள் உள்ள நிறுவனமாயின், மத்திய அரசின் தொழிலாளர் துறை அதிகாரியிடம் செல்ல வேண்டியிருக்கும்.

வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பொறுத்தவரை, வெளிநாடு செல்வதற்கு முன் பொதுக் கணக்கு எண்ணுடன் ஆதார், வங்கி விவரம், இயங்கும் கைப்பேசி எண் ஆகியவை இணைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பள்ளி நிர்வாகம் பணி விலகிய தேதியைப் பதிவு செய்திருப்பதும் அவசியம். ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுகளை நிறைவு செய்யாதவர்கள், திரும்பிவந்து பணியைத் தொடரும் எண்ணமிருந்தால் தொகையை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழைப் பெறலாம். பின்னாளில் சேரும் பள்ளியின் பணிக்காலத்துடன் பழைய ஆண்டுகளும் சேர்ந்து, ஓய்வூதியத் தகுதிக்கு உதவும்.

விலகுவோருக்கான கால அட்டவணை

விலகுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்: ஒப்பந்தத்தின் முடிவு தேதி, அறிவிப்புக் காலம், விடுமுறை ஊதியப் பிரிவு ஆகியவற்றைச் சரிபார்த்து, பணிக்கொடையைத் தாமே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன்: இனவாரியான கணக்குத் தாளை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வங்கிக் கடன், வீட்டு வாடகை முன்பணம், மின்கட்டண வைப்புத்தொகை ஆகியவற்றைத் தீர்க்கத் தொடங்க வேண்டும்.

கடைசி வாரத்தில்: பணி அனுபவச் சான்றிதழ், ஊதியச் சான்று ஆகியவற்றைப் பெற்று, தேவையான சான்றொப்பங்களை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். பணம் கணக்கில் சேர்ந்ததை உறுதி செய்த பின்னரே நிலுவையின்மைத் தாளில் கையெழுத்திட வேண்டும்.

திரும்பிய பின்: கணக்கில் குறை இருந்தால் அந்நாட்டுக் காலவரம்பை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு முன்பே புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

மேற்கண்ட விதிகள் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கான பொதுச் சட்டங்களை ஒட்டியவை. அரசுப் பள்ளிகளிலும், தனிச் சட்டம் கொண்ட சிறப்புப் பொருளாதார மண்டலங்களிலும் பணியாற்றுவோருக்கு வேறு விதிகள் பொருந்தக்கூடும். சட்டம் வகுத்திருப்பது குறைந்தபட்ச உரிமை மட்டுமே. அதைவிடக் கூடுதலாக ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்டிருந்தால், அந்தக் கூடுதல் தொகையையும் ஆசிரியர் கேட்டுப் பெறலாம்.